தட்டிப் பார், கேள், முடிவெடு: காம்போசிட் பாகங்களின் நலம் பார்ப்பது எப்படி?



மெக்கானிக்கல், ஏரோ, சிவில்னு எந்தத் துறையில் படித்தாலும் காம்போசிட் என்ற சொல்லைக் கேட்காமல் நாலு வருஷத்தைத் தாண்ட முடியாது. "எடை குறைவு, வலிமை அதிகம், துருப்பிடிக்காது" என்று மூன்று பாயிண்ட் எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்தப் பாகம் வேலைக்குப் போன பிறகு இருபது வருஷம் அதை எப்படிப் பராமரிக்கிறார்கள்? உள்ளே பழுது வந்தால் யாருக்கு, எப்படித் தெரியும்? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். விமானம், காற்றாலை, நீர்மூழ்கி என மூன்று இடங்களுக்குப் போவோம். நடுவில் கொஞ்சம் கணக்கும் உண்டு. பயப்படாதீங்க, பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்.

காம்போசிட் ஏன் வேற மாதிரி உடைகிறது?

இரும்புத் தகட்டில் அடி விழுந்தால் நெளியும். நெளிவைக் கண்ணால் பார்க்கலாம். அடிக்கடி வளைந்து களைத்துப்போன உலோகத்தில் ஒரு விரிசல் தோன்றி மெதுவாக வளரும். எந்த இடத்தில் தோன்றும், எவ்வளவு வேகமாக வளரும் என்று ஓரளவு கணக்குப் போட முடியும்.

காம்போசிட் அப்படி இல்லை. கார்பன் அல்லது கண்ணாடி இழைகளை ஒரு பிசினில், அதாவது எபாக்சி மாதிரி ரெசினில், பதித்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது அது. விமானத்துக்கான கார்பன் தகட்டில் ஓர் அடுக்கு பொதுவாக 0.2 மி.மீ.க்கும் குறைவு. 4 மி.மீ. தகடு என்றால் இருபது அடுக்குக்கு மேல். இழை செல்லும் திசையில் பலம் அதிகம். ஆனால் ஒரு அடுக்கை அடுத்த அடுக்கோடு பிடித்து வைத்திருப்பது வெறும் பிசின்தான். பலவீனம் அங்கேதான்.

மழையில் நனைந்த பிளைவுட் கதவைப் பார்த்திருப்பீங்க. மேலே பெயிண்ட் நல்லா இருக்கும், உள்ளே அடுக்கு விட்டு உப்பியிருக்கும். காம்போசிட்டில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான், ஆனால் உப்பல்கூட வெளியே தெரியாது. முக்கியமான பழுதுகள் நாலு:

1. மேட்ரிக்ஸ் விரிசல்: பிசினில் மட்டும் வரும் நுண்ணிய கீறல்.
2. டிலாமினேஷன்: அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிரிவது.
3. டிஸ்பாண்ட்: இரண்டு பாகங்களை ஒட்டிய இடம் விட்டுப்போவது. தேன்கூடு மாதிரியான உள்ளடுக்கின் மேல் தகடு ஒட்டிய சாண்ட்விச் பாகங்களில் இது பெரிய தலைவலி.
4. இழை முறிவு: சுமையைத் தாங்கும் இழையே அறுந்துபோவது.

ஒரு ஸ்பேனர் கைதவறி இறக்கை மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு சின்னப் புள்ளி, சில சமயம் அதுவும் இருக்காது. உள்ளே போகப் போக கூம்பு மாதிரி சேதம் விரிந்துகொண்டே போகும். அடிப்பக்கம்தான் அதிக சேதம், ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவே முடியாது. அடுக்கு பிரிந்த தகட்டை அமுக்கினால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக வளையும். அதனால் அமுக்கத்தைத் தாங்கும் வலிமை பாதிக்கும் கீழேகூடப் போகலாம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இந்த அடிக்கு "பேர்லி விசிபிள் இம்பாக்ட் டேமேஜ்" என்று பெயர்.

போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறக்குறைய பாதி காம்போசிட். ஏர்பஸ் ஏ350-இல் அதைவிடச் சற்று அதிகம். அப்படியென்றால் எப்படி நம்பிப் பறக்கிறோம்? விதி என்ன சொல்கிறது என்று பாருங்க. விமானம் தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய உச்ச சுமை லிமிட் லோடு. அதன் 1.5 மடங்கு அல்டிமேட் லோடு. சோதனையில் கண்ணுக்குச் சிக்காத பழுது உள்ளே இருந்தாலும், அந்தப் பாகம் வாழ்நாள் முழுக்க அல்டிமேட் லோடைத் தாங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பழுது என்றால், அதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் லிமிட் லோடையாவது தாங்க வேண்டும்.

"கண்டுபிடிக்கும் வரை" என்ற அந்த இரண்டு வார்த்தையைக் கவனிங்க. டிசைன் முடிந்த பிறகு வரும் கூடுதல் வேலை என்று பரிசோதனையை நினைக்கக் கூடாது. அது டிசைனுக்குள்ளேயே இருக்கிறது. யாரும் பரிசோதிக்கவில்லை என்றால் போட்ட கணக்கே தப்பாகிவிடும்.

முதல் கருவி: ஒரு நாணயம்

கடையில் தேங்காய் வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். கணீர்னு கேட்டால் நல்லது, சத்தம் மந்தமாக வந்தால் வேண்டாம். விமானப் பராமரிப்புக் கூடத்திலும் இதே டெக்னிக்தான், பெயர் டேப் டெஸ்ட். நாணயம் அல்லது சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒட்டு விட்ட இடத்தில் மேல்தகடு தளர்ந்திருப்பதால் சுத்தியல் அங்கே கொஞ்சம் அதிக நேரம் தொட்டுவிட்டுத் திரும்பும். அதனால் ஒலி மந்தமாகும். இந்தத் தொடும் நேரத்தையே அளந்து எண்ணாகக் காட்டும் மின்னணுச் சுத்தியலும் உண்டு.

மெல்லிய தகட்டுக்கும் சாண்ட்விச் பாகத்துக்கும் இது நன்றாக வேலை செய்யும். தடித்த தகட்டின் ஆழத்தில் இருக்கும் பழுதையும், சின்னப் பழுதையும் இது விட்டுவிடும். சத்தம் நிறைந்த இடத்தில் காதை மட்டும் நம்பவும் முடியாது.

அடுத்தது அல்ட்ராசோனிக். ஒலித் துடிப்பை உள்ளே அனுப்பி, எதிரொலி எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்ப்பது. கார்பன் தகட்டின் தடிமன் திசையில் ஒலி நொடிக்கு சுமார் 3000 மீட்டர் போகும், அதாவது ஒரு மைக்ரோ நொடிக்கு 3 மி.மீ. தகடு 6 மி.மீ. என்றால் போய்த் திரும்ப 12 மி.மீ., ஆக 4 மைக்ரோ நொடி. அதற்கு முன்பே 1.33 மைக்ரோ நொடியில் ஓர் எதிரொலி வந்தால்? 1.33 × 3 = 4 மி.மீ., அதில் பாதி 2 மி.மீ. ஆக மேலிருந்து 2 மி.மீ. ஆழத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். விளக்கால் தகட்டைச் சூடாக்கி, எந்த இடம் மெதுவாக ஆறுகிறது என்று அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பது தெர்மோகிராஃபி. பிரிந்த இடத்தில் வெப்பம் உள்ளே இறங்காமல் மேலேயே தங்கும் என்பதால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

35,000 அடியில் காணாமல் போன சுக்கான்

2005 மார்ச் 6. கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்கு ஏர் டிரான்சாட் 961 கிளம்பியது. ஏர்பஸ் ஏ310 ரகம். 262 பயணிகள், 9 விமான ஊழியர்கள். 35,000 அடியில் பெரிய சத்தம், அதிர்வு. விமானம் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. என்ன கோளாறு என்று திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. விமானிகள் உயரத்தைக் குறைத்து, வரடேரோவுக்கே திரும்பி, பத்திரமாக இறக்கினார்கள். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, வால்பகுதியில் இருந்த காம்போசிட் சுக்கானில் பெரும்பகுதி இல்லை!

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. சுக்கானின் பக்கத் தகட்டில் ஏற்கெனவே இருந்த ஒட்டு விடுதல் அல்லது உள்ளடுக்குச் சேதம் வளர்ந்து, கடைசியில் சுக்கானையே பிய்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. அப்போதைய பரிசோதனைத் திட்டம் இப்படிப்பட்ட எல்லாப் பழுதையும் கண்டுபிடிக்கப் போதுமானதாக இல்லை, அந்தப் பழுது பல பயணங்களுக்கு முன்பே இருந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

ஒட்டு விட்ட இடம் எப்படி வளரும்? ஒரு வழியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 35,000 அடியில் சுமார் 24. தேன்கூட்டுக்குள் சிக்கிய தரைக்காற்று அப்படியே இருந்தால் வித்தியாசம் 77 கிலோபாஸ்கல். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் ஒட்டு விட்டிருந்தால் பரப்பு 0.01 சதுர மீட்டர். விசை 770 நியூட்டன், அதாவது 78 கிலோ எடைக்குச் சமம். ஓர் ஆள் உள்ளேயிருந்து தகட்டைத் தள்ளுகிற மாதிரி. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் இந்தத் தள்ளல், இறங்கும்போது விடுதல். ஓரத்தில் ஒட்டியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியத்தான் செய்யும்.

அதே 2005 நவம்பரில் வேறொரு ஏ300 விமானத்தின் சுக்கானைப் பராமரிப்புக்காக இறக்கியபோது, அதனுள்ளே ஹைட்ராலிக் எண்ணெய் புகுந்து மேல்தகடு தேன்கூட்டிலிருந்து பெரிய பரப்பில் விட்டிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அதே வகைச் சுக்கான்களை உடனே சோதிக்கச் சொல்லி 2006-இல் அமெரிக்க விசாரணை வாரியம் வலியுறுத்தியது.

சோதனைக்கு வரும் நாள் வரை காத்திருக்கணுமா?

இதுவரை பார்த்ததெல்லாம் பாகத்தை நிறுத்திவைத்துச் செய்யும் சோதனை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகிற மாதிரி. நடுவில் என்ன நடந்தாலும் தெரியாது. கையில் கட்டிய வாட்ச் நாடித்துடிப்பை நாள் முழுக்கப் பார்ப்பது போல, பாகத்திலேயே சென்சாரை வைத்துத் தொடர்ந்து கவனிப்பதுதான் ஸ்ட்ரக்சுரல் ஹெல்த் மானிட்டரிங். தமிழில் கட்டமைப்பு நலக் கண்காணிப்பு எனலாம். மூன்று வகை சென்சார் தெரிந்தால் போதும்.

ஒளியிழை சென்சார்: ஃபைபர் பிராக் கிரேட்டிங் என்று பெயர். தலைமுடி மாதிரி மெல்லிய ஒளியிழையை அடுக்குகளுக்கு நடுவிலேயே பதித்துவிடலாம். இழையில் செதுக்கிய நுண்வரிகள் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். பாகம் நீண்டால் வரிகளின் இடைவெளி கூடும், திரும்பி வரும் அலைநீளமும் மாறும். 1550 நானோமீட்டர் ஒளிக்கு, ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு சுமார் 1.2 பிகோமீட்டர் மாறும். மைக்ரோஸ்ட்ரெயின் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி. ஆனால் ஒரு டிகிரி வெப்பம் ஏறினாலும் சுமார் 10 பிகோமீட்டர் மாறும்! காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 150 பிகோமீட்டர். வெப்பத்தைக் கழிக்க மறந்தால் 125 மைக்ரோஸ்ட்ரெயின் சுமை வந்ததாகத் தப்புக்கணக்கு ஆகிவிடும். அதனால்தான் பக்கத்திலேயே சுமை படாமல் தளர்வாக இன்னொரு சென்சார் வைத்து, வெப்பத்தை மட்டும் அளந்து கழிப்பார்கள்.

பீசோ சென்சார்: மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும் சின்ன வில்லைகள். ஒரு வில்லை தகட்டில் அலையை அனுப்பும், மற்றொன்று வாங்கும். தகட்டில் ஓடும் இந்த அலைக்கு லேம்ப் அலை என்று பெயர், 1917-இல் இதை ஆராய்ந்த ஹோரஸ் லேம்ப் நினைவாக. தகடு நல்லா இருக்கும்போது வந்த அலையைப் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு வருவதோடு ஒப்பிடணும். வழியில் அடுக்கு பிரிந்திருந்தால் அலை மாறும்.

ஒலி உமிழ்வு: அக்கூஸ்டிக் எமிஷன். இதில் நாம் எதையும் அனுப்புவதில்லை, காது கொடுத்துக் கேட்பது மட்டும்தான். இழை அறுந்தாலோ பிசின் வெடித்தாலோ ஒரு சின்ன 'டிக்' கிளம்பும். நல்ல பாகம், முன்பு தாங்கிய சுமையைத் தாண்டும் வரை சத்தம் போடாது. இது கைசர் விளைவு. முன்பு 100 கிலோநியூட்டன் தாங்கிய பாகம் இந்த முறை 85-லேயே சத்தம் போட ஆரம்பித்தால் விகிதம் 0.85. இதற்கு ஃபெலிசிட்டி விகிதம் என்று பெயர். ஒன்றுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு சேதம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

முப்பந்தல் பிளேடு

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக நாகர்கோவில் போனவர்கள் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தப் பிளேடுகள் பெரும்பாலும் கண்ணாடி இழைக் காம்போசிட். இரண்டு பாதி ஓடுகளாகச் செய்து ஒட்டுவார்கள். ஒட்டிய பின்விளிம்பு பிரிவது, மழைத்துளியும் தூசியும் முன்விளிம்பை அரிப்பது, இடி விழுந்து நுனி பிளப்பது ஆகியவை அடிக்கடி வரும் பழுதுகள்.

ஒரு கணக்கு. நிமிஷத்துக்கு 15 சுற்று என்றால் வருஷத்துக்கு சுமார் 78 லட்சம் சுற்று, 20 வருஷத்துக்கு 15 கோடிக்கு மேல். பாதி நேரம்தான் சுற்றியது என்றாலும் 7 கோடிக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் பிளேடின் சொந்த எடையே ஒருமுறை ஒரு பக்கமும் ஒருமுறை மறுபக்கமும் வளைக்கிறது. விமான இறக்கைகூட இவ்வளவு முறை வளையாது.

மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். அந்த நேரத்தில் ஓர் இயந்திரம் நின்றால் வருமானம் போச்சு. அதனால் சீசனுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் பிளேடைத் தட்டியும் தடவியும் பார்ப்பார்கள். இப்போது ட்ரோன் கேமராவும் வந்துவிட்டது. ஆனால் ட்ரோன் தோலைத்தான் பார்க்கும், உள்ளே பார்க்காது. பெரிய புதிய இயந்திரங்களில் பிளேடின் அடிப்பகுதியில் ஒளியிழை சென்சார் வைப்பதுண்டு. அங்கே ஒரு நல்ல வசதி: மூன்று பிளேடுக்கும் ஒரே காற்று, ஒரே வெயில். ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து விலகிப்போனால் அதைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

சென்சார் சொல்லியும் கேட்காத கதை

இவ்வளவு சென்சார் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? டைட்டன் நீர்மூழ்கியைப் பாருங்க. சுமார் 3800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கைப் பார்க்க ஆட்களை அழைத்துப்போக ஓஷன்கேட் என்ற அமெரிக்க நிறுவனம் கட்டியது. நடு உடல் சுமார் 5 அங்குலத் தடிமனுள்ள கார்பன் ஃபைபர் உருளை. அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 380 மடங்கு. உடலில் ஒலி உமிழ்வு சென்சாரும் ஸ்ட்ரெயின் கேஜும் பொருத்தியிருந்தார்கள். நம்ம பாடத்தில் வரும் அதே கருவிகள்தான்.

இப்படிப்பட்ட ஒலிக் கண்காணிப்பு, உடைவதற்குச் சில மில்லி நொடி முன்னால்தான் சொல்லும் என்று அங்கேயே வேலை பார்த்த மூத்த அதிகாரி ஒருவர் 2018-இல் எச்சரித்திருந்தார். 2022 ஜூலை 15, எண்பதாவது பயணம். மேலே வந்துகொண்டிருந்தபோது பெரிய சத்தம் கேட்டது. உடல் அதன் சட்டத்துக்குள் கொஞ்சம் நகர்ந்த சத்தம்தான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் அதற்குப் பிந்தைய பயணங்களில் ஸ்ட்ரெயின் அளவுகள் பழைய மாதிரி இல்லை, மாறியிருந்தன. உடலில் ஏதோ நிரந்தரமாக மாறிவிட்டது என்று தரவு சொல்லிக்கொண்டே இருந்தது. டைட்டனை நிறுத்தவில்லை. 2023 ஜூன் 18 அன்று அது நொறுங்கியது, உள்ளே இருந்த 5 பேரும் இறந்தார்கள். கண்காணிப்புத் தரவைச் சரியாக ஆராயாததால் சேதம் நிறுவனத்துக்குப் புலப்படவில்லை என்று 2025-இல் அமெரிக்க விசாரணை அறிக்கை சொன்னது.

ஏர் டிரான்சாட்டில் கேட்க ஆளில்லை, ஆனாலும் 271 பேரும் பிழைத்தார்கள். டைட்டனில் சென்சார் கேட்டது, சொன்னது. யாரும் முடிவெடுக்கவில்லை.

நம்ம புராஜெக்ட்டுக்கு என்ன பாடம்?

இந்தத் துறையில் நான்கு கேள்விகளை வரிசையாகச் சொல்வார்கள். பழுது இருக்கிறதா? எங்கே? எவ்வளவு பெரிது? இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்? ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கஷ்டம். நம்மில் பலரின் ஃபைனல் இயர் புராஜெக்ட் முதல் கேள்வியோடு நின்றுவிடும். தகட்டில் நாலு சென்சார், ஒரு மெஷின் லேர்னிங் மாடல், கடைசி ஸ்லைடில் ஒரு துல்லிய சதவீதம்.

ஐந்தாவது கேள்வி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்த எண் வந்தால், யார், எதை நிறுத்தணும்? ரிப்போர்ட்டில் ஒரே ஒரு பக்கம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஃபெலிசிட்டி விகிதம் இவ்வளவுக்குக் கீழே போனால் இயக்கக் கூடாது. ஸ்ட்ரெயின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் அல்ட்ராசோனிக் பார்க்கும் வரை நிறுத்து. இதைப் பழுது வருவதற்கு முன்பே எழுதி வைக்கணும். பழுது வந்த அன்று பணம், நேரம், அவசரம் எல்லாம் சேர்ந்து "இது ஒன்றும் இல்லை" என்று சொல்ல வைக்கும்.

ட்ரோன் கிளப்பில் இருப்பவர்களுக்கு இதன் சின்ன வடிவம்: விழுந்த ட்ரோனின் கார்பன் கையை, விழாத கையோடு ஒப்பிட்டு நாணயத்தால் தட்டிப் பாருங்க. சத்தம் வித்தியாசமா இருந்தால் அன்று பறக்கக் கூடாது என்று முன்பே பேசி வைங்க.

போட்டுப் பாருங்க

1. 8 மி.மீ. கார்பன் தகடு. 2 மைக்ரோ நொடியில் ஓர் எதிரொலி வருகிறது. பழுது எவ்வளவு ஆழத்தில்?
2. ஒளியிழை சென்சார் 340 பிகோமீட்டர் நகர்ந்தது. அதே நேரம் வெப்பம் 10 டிகிரி ஏறியது. உண்மையான ஸ்ட்ரெயின் எவ்வளவு?
3. முன்பு 120 கிலோநியூட்டன் தாங்கிய பாகம் இப்போது 90-இல் சத்தம் போடத் தொடங்குகிறது. ஃபெலிசிட்டி விகிதம் என்ன? நீங்க என்ன செய்வீங்க?

விடைகள்: 1) 3 மி.மீ. 2) 200 மைக்ரோஸ்ட்ரெயின். 3) 0.75. கடைசிக் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு விடை இங்கே இல்லை. உங்க டீமோட உட்கார்ந்து பேசி எழுதுங்க.